மைக் டெஸ்ட்டில் மட்டும் வாசித்த மெட்டு

எங்கள் மெல்லிசைக் குழுவில் சொந்த மெட்டுக்கு இடமில்லை. சனம் வருவது சினிமாப் பாட்டுக் கேட்க. தெரியாத பாட்டை ரெண்டு நிமிஷம் வாசித்தால் போதும், முன்னால் விசில் கிளம்பும், பின்னால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அதனால் குழுவை நடத்திய மாஸ்டரிடம் நான் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ஆனால் எனக்கென்று கொஞ்ச நேரம் இருந்தது. சாயங்காலம் ரேடியோ செட்டுக்கார அண்ணன் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டி முடித்ததும் மைக் டெஸ்ட் நடக்கும். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் ஊர்ப் பெரியவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போய்விடுவார். அப்போது என்ன வாசித்தாலும் அது டெஸ்ட்தான், பாட்டில்லை. யாரும் காது கொடுக்க மாட்டார்கள். என் மெட்டுகளையெல்லாம் அந்த இடைவெளியில்தான் வாசித்தேன்.

விழுப்புரத்தில் டிகிரி முடித்த கையோடு ஆர்கன் வாசிக்க வந்தவன் நான். வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. வேன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காதில் விழுந்ததெல்லாம் மெட்டாகிக்கொண்டிருந்த காலம் அது. ஒலக்கூர் ரயில்வே கேட்டில் நின்றால் கூட்ஸ் வண்டியின் தாளத்தை முன்சீட்டில் தட்டுவேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் பெண்கள் ஒரே சொல்லை ஜன்னலுக்கு ஜன்னல் வேறு வேறு சுருதியில் கூவுவார்கள். அதிலிருந்து ஒரு பல்லவி கிடைத்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிறவர்கள் விடும் மூச்சிலிருந்து இன்னொன்று. எல்லாமே அரைகுறை. ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது வந்து தோளைத் தட்டும்.

அக்காவின் மெட்டும் அப்படித்தான் வந்தது. அக்கா என்று எல்லோரும் கூப்பிட்ட அவர்தான் குழுவின் ஒரே பெண் குரல். திண்டிவனத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். கச்சேரி நாளில் பஸ் ஸ்டாண்டு முனையில் ஒயர் கூடையோடு நிற்பார். கூடைக்குள் வெந்நீர் ஃபிளாஸ்க். வேனில் ஏறியதும் வெந்நீரை டம்ளரிலும் டபராவிலுமாக மாற்றி மாற்றி ஆற்றுவார். டம்ளர் நிறைய நிறையச் சத்தம் கீழிருந்து மேலே ஏறும். உச்சியைத் தொடப்போகிற சமயம் கையை நிறுத்திவிடுவார்.

அதைக் கவனித்த அன்று நான் சீட்டிலிருந்து துள்ளிவிட்டேன்.

"அக்கா, இன்னொரு வாட்டி ஆத்துங்க!"

"இன்னாத்துக்குடா?"

"சும்மா ஆத்துங்கக்கா."

"வெந்நி ஆறிப்பூடும்டா, பேஜாரு புடிச்சவனே! அப்பறம் பச்சத்தண்ணிய குடிச்சிக்கினு மேடையில நீயா கத்துவே?"

சொல்லிக்கொண்டே ஆற்றினார். அன்றைய மைக் டெஸ்ட்டில் அந்த ஏற்றத்தை அப்படியே ஆர்கனில் பிடித்துவிட்டேன். வார்த்தை எதுவுமில்லை, 'ஆ'வென்று ஏறும் ஒரு குரல், மேல் ஸட்ஜத்துக்கு ஒரு படி கீழே நிற்கும். அதற்கப்புறம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

"படியில ஒத்தக் கால தூக்கிக்கினு நிக்கிற மாதிரி கீது. ஒண்ணு ஏத்து, இல்ல எறக்கு" என்றார் அக்கா.

"முடிச்சிடறேன்க்கா."

முடிக்கவில்லை. நான் போட்ட முடிவு ஒவ்வொன்றும் எங்கோ கேட்ட சினிமாப் பாட்டைப் போலவே இருந்தது.

அதற்குள் அக்காவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. மேடையில் அதை அகலமான பாசிமாலை போட்டு மறைத்துப் பார்த்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள்.

"பண்ணா கொரலு போனாலும் போவுமாம். பண்ணலன்னா நானே போயிடுவேனாம்" என்று வேனில் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த வெந்நிப் பாட்ட முடிச்சி வையிடா. திருவக்கரையில பாடிட்டுப் போறேன். சினிமாப் பாட்டு நான் இல்லன்னா வேற எவளாவது பாடுவா. இத நான் பாடலன்னா யாரு பாடுவா?"

திருவக்கரைக் கச்சேரிதான் ஆபரேஷனுக்கு முன்னால் கடைசி. போகிற வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சுற்றி வளைக்க வேண்டாம், நேராக மேலே போய் அங்கேயே நிற்கட்டும். அக்காவின் குரலால் நிற்க முடியும்.

மைக் டெஸ்ட் நேரம். பௌர்ணமிக்கு வந்த கூட்டம் கோயில் பக்கம் இருந்தது. மேடைக்கு முன்னால் ரெண்டு ஆடுகள், பாய் விரித்து இடம் பிடிக்கும் சில பெண்கள். நான் சுருதி கொடுத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். கீழிருந்து, அவசரமில்லாமல், டம்ளர் நிறைவதுபோல. கடைசிப் படிக்கு வந்துவிட்டார். அப்போது எல்லாக் குழாய்களிலும் செட்டுக்கார அண்ணனின் குரல் வெடித்தது.

"போதும்மா, போதும்! மைக்கு சூப்பரா கீது! ஜல்தியா நவுரு, தபேலா மைக்கு பாக்கணும்!"

அவர்மேல் தப்பில்லை. அவருக்கு அது டெஸ்ட். வழக்கம்போல அக்காவின் மைக் சத்தத்தை இறக்கிவிட்டார். அக்காவின் வாய் திறந்திருந்தது. அந்த மேல் ஸட்ஜத்தை அவர் தொட்டாரா என்று பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

"வுடுடா, வந்து பாடிக்கலாம்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. குரல்தான் வரவில்லை. பார்க்கப் போனபோது உதட்டை அசைத்து, கையால் வா என்றார். தையல் மெஷின் சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். குழுவில் வேறொரு பெண் பாட வந்தாள். நன்றாகத்தான் பாடினாள். அவளிடம் அந்த மெட்டை நான் கொடுக்கவில்லை.

ஓமந்தூர்க் கச்சேரிக்கு அக்கா டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். அதே ஒயர் கூடை, உள்ளே ஃபிளாஸ்க் இல்லை. மாஸ்டர் காபிக்குப் போன நேரம். அக்கா மேடையேறி, தன் பழைய மைக்கின் முன்னால் நின்று என்னைப் பார்த்தார். நான் சுருதி கொடுத்தேன்.

காற்றுதான் வந்தது.

செட்டுக்கார அண்ணன் புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தார். "எவன்டா அது மைக்க ஊதறது? ஊதாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? கெட்டுப்பூடும்டா!" என்று கத்திக்கொண்டே திரும்பினார்.

பார்த்துவிட்டார். கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டார். ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்து அந்த மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அக்காவின் மூச்சு மரத்துக்கு மரம் கேட்க ஆரம்பித்தது. தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து குழாயைப் பார்த்தார்கள். மூச்சுக்குள் மெட்டு இருந்தது. எனக்குத் தெரிந்தது. கீழிருந்து ஏறி, ஏறி, அந்தக் கடைசிப் படிக்கு வந்தது. அதற்குமேல் ஏற்ற முடியாமல் குழாய்கள் வீலென்று ஊளையிட்டன. செட்டுக்கார அண்ணன் சத்தத்தை இறக்கவில்லை.

அக்கா நிறுத்திவிட்டார். டம்ளரை நிறுத்தும் அதே இடம்.

பிறகு செட்டுக்கார அண்ணனைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். 'போதும்மா' என்று அவர் சொன்னால்தான் இறங்குவது வழக்கம். நானும் ஆர்கன் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை.