தலையணைப் பஞ்சு

உலகச் சண்டைக் காலத்தில் நான் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தேன். தாராவியில் ஒற்றை அறை. நானும் என் மனைவியும் கைக்குழந்தையும்தான். அந்த மழைக்காலத்தில் எங்கள் ஏழு மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. நான் வேலைக்குப் போயிருந்த பகல் நேரத்தில் போனது. அதற்குப் பிறகு என் மனைவி வீட்டில் பேசுவதை விட்டுவிட்டாள். நானும் எதையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

எங்கள் ஃபோர்மன் ஒரு வெள்ளைக்காரர். ஞாயிறானால் மீன் பிடிக்கப் போவார். அவருடைய தூண்டில் சக்கரத்தைச் சரிசெய்து கொடுத்ததற்கு ஒரு பழைய பொய்ப்பூச்சியைத் தந்தார். முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றி, ஈயைப் போலச் செய்தது. தண்ணீர் மேல் மிதந்தால் உயிருள்ள பூச்சி என்று நினைத்து மீன் கவ்வும் என்றார். அதைப் பிரித்துப் பார்த்து நானே செய்யத் தொடங்கினேன். வீட்டில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

நான் செய்தவை மூழ்கின. கோழி இறகில் மெழுகு தடவினேன். கொஞ்ச நேரம் நின்று கவிழ்ந்தது. மருந்துப் புட்டியின் தக்கையைச் செதுக்கிக் கட்டினேன். மிதந்தது, ஆனால் பூச்சி மாதிரி இல்லை, தக்கை மாதிரியே இருந்தது. கிழிந்த துரைத் தொப்பி ஒன்றிலிருந்து, உள்ளே வைத்திருந்த இலேசான நெட்டித் தக்கையை உரித்தேன். நூலை இறுக்கினால் நொறுங்கிற்று. சாயங்காலம்தோறும் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். குழந்தையின் தலையணையை எடுத்து, ஓரத்துத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, ஒரு சிட்டிகை இலவம்பஞ்சை நீட்டினாள்.

"இதை வச்சுக் கட்டிப் பாருங்க."

வேண்டாம் என்றேன்.

"தலை வைக்கப் பிள்ளை இல்ல. பெட்டியில கிடந்தா பூச்சிதான் அரிக்கும்."

பஞ்சைத் திரித்து முள்ளில் சுற்றி, இரண்டு இறகு வைத்துக் கட்டினேன். கிண்ணத்தில் போட்டேன். விளக்கேற்றும் நேரம் வரை மிதந்தது. நனையக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செம்பூர்க் குளத்துக்குக் கிளம்பினேன். நானும் வருகிறேன் என்றாள். மூங்கில் கழியை வீசினேன். பூச்சி அல்லிக் கொடிகளுக்கு அருகில் போய் உட்கார்ந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டென்று தண்ணீர் சுழித்தது. பெரிய மீனாக இருக்க வேண்டும்; பதறி இழுத்தேன், நூல் அறுந்தது. பூச்சியோடு மீன் ஆழத்துக்குப் போய்விட்டது.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "வேற கட்டிக்கலாம், பஞ்சு இருக்கு" என்று எதையோ சொன்னேன். அவள் கரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். குழந்தையை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் அழவில்லை. நான் கழியைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீடு திரும்ப வண்டிக்குக் காத்திருந்தபோது ஸ்டேஷன் பெஞ்சில் கேட்டேன், "அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

குழந்தை காலையில் பால் குடிக்காததிலிருந்து தொடங்கினாள். எந்த வீட்டுக்கு ஓடினாள், யார் வந்தார்கள், குழந்தை அவள் விரலை எவ்வளவு நேரம் பிடித்திருந்தது, எல்லாம் சொன்னாள். பாதியில் வண்டி வந்தது. நாங்கள் ஏறவில்லை. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று அடுத்த வண்டி வரை இருந்தோம்.