பத்து மணிச் சட்டமும் ஆறு மணி வீடும்

எங்கள் ஊர் சுவிஸில் ஓல்டனுக்கும் லாங்கன்தாலுக்கும் நடுவில், கடுகதி ரயில் நிற்காத இடம். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இரவு பத்து மணிக்குப் பிறகு பெற்றோர் இல்லாமல் வெளியில் நிற்கக்கூடாது என்று நகரசபை அங்கே ஒரு சட்டம் போட்டது. சட்டத்தோடு ஒரு பாதுகாப்புத் திட்டம் வந்தது. திட்டத்தோடு ஒரு மஞ்சள் மேலங்கியும் வந்தது. அந்த மேலங்கி எனக்கு. தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்கம் சொல்ல டொச், அதுதான் ஜேர்மன் மொழி, தெரிந்த ஆள் வேண்டுமாம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஏச்சு வாங்கி வாங்கிப் படித்த டொச் என்னுடையது. அது போதும் என்றார்கள்.

ஊரடங்கு எனக்குப் புதிதா என்ன? யாழ்ப்பாணத்தில் அதற்குள்ளேயே மீசை முளைத்தவன் நான். ஆனால் இந்த ஊரடங்கில் துவக்கோடு நின்று அடையாள அட்டை கேட்க ஆமிக்காரன் இல்லை. துண்டுப்பிரசுரம் இருந்தது. அதில் ஓர் ஆந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

சிக்கல் என் வீட்டில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஊரடங்கு பின்னேரம் ஆறு மணி. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒன்பதாம் வகுப்பு முடிந்து, வகுப்புப் பிள்ளைகள் ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டி, இறைச்சி வாட்டிச் சாப்பிட்டுப் பிரியப்போகிறார்கள். அதன் பிறகு ஒருத்தி ஆராவுக்கு, ஒருத்தன் பேர்னுக்கு என்று ஆளுக்கொரு திசை. தானும் போகவேண்டும் என்று கேட்டாள். ஏலாது என்றேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைத்தது, மகளின் பேச்சு கிடைக்கவில்லை.

விளக்கக் கூட்டம் தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தில். திட்டப் பொறுப்பாளர், ஒரு சுவிஸ் இளைஞர், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். எங்கள் ஆட்கள் அவர் நம்பிக்கை இழந்த பிறகு வந்தார்கள். அவர் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன். பத்து மணி என்றதும் மண்டபம் கொதித்தது.

"இரவு பத்தோ?" என்றார் ஒரு தாய்.

"ஓம் அக்கா, இரவு பத்து."

"அந்தாளுக்கு விசரோ அண்ணை? பொம்பிளைப் பிள்ளையள் பத்து மணி வரைக்கும் றோட்டில நிக்கலாமெண்டு அரசாங்கமே சொல்லுதோ?"

முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். "ஏழு மணியெண்டு மாத்தச் சொல்லும். நாங்கள் எல்லாரும் ஆதரவு."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பொறுப்பாளர் பூரித்துப்போனார். சட்டத்தை இன்னும் இறுக்கச் சொன்ன பெற்றோரை அவர் இதற்குமுன் கண்டதில்லையாம். பிறகு மெல்லக் கேட்டார், இப்போது பிள்ளைகள் பின்னேரங்களில் எங்கே என்று. வீட்டில், என்றேன். எல்லோருமா? எல்லோரும். அவர் முகம் வாடிப்போயிற்று. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சம்பளம் வாங்கும் மனிதர், எங்கள் பிள்ளைகளை வெளியில் விடச்சொல்லி எங்களிடம் கெஞ்சத் தொடங்கினார். அதையும் நானே தமிழில் சொல்லவேண்டி வந்தது.

மண்டபத்துக் கதிரைகளை அடுக்க வந்திருந்த என் மகள் பின்னால் எழும்பினாள். வருகிற வெள்ளிக்கிழமை தான் ஆற்றங்கரைக்குப் போனால் திட்டத்துக்கு உதவியாக இருக்குமா என்று ஊர் டொச்சில் கேட்டாள். மிகவும், என்றார் அவர். இருவரும் என்னைப் பார்த்தார்கள். மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு என்னத்தைச் சொல்ல? தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டினேனே தவிர மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்குத் தெரியாமல் பின்னால் போனேன். ஆற்றங்கரைப் புதருக்குப் பின்னால் பார்த்தால், அவளோடு படிக்கும் பிள்ளைகளை என்னைப் பார்த்து அனுப்பிவிட்டிருந்த மற்றத் தமிழ்த் தாய் தகப்பன்மாரும் அங்கேதான் இருந்தார்கள். படங்கு விரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணி, வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறி ரோல்ஸ். ஒளித்திருப்பவர்கள் சத்தமாகக் கதைக்கக்கூடாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. கோடை வெயில் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஒருவர் டோர்ச் அடித்து அடித்துப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்தது. பிள்ளைகளுக்காக அல்ல. புதருக்குள் பெரியவர்கள் கூட்டமாகப் பதுங்கியிருக்கிறார்கள் என்று எதிர் மாடியிலிருந்து யாரோ அறிவித்திருந்தார்கள்.

பொலிஸ்காரர் வணக்கம்கூடச் சொல்லி முடிக்கவில்லை. நாங்கள் எழும்பி வரிசையாக நின்றுவிட்டோம். ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டை, படம் வெளியே தெரியும்படி. வரிசையில் முதல் ஆள் மேலங்கியோடு நான். பிந்தி வந்த ஒருவர், பொலிஸ் காரைக் கண்ட தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு வந்து கடைசியில் நின்றார்.

"நான் ஒன்றும் கேட்கவில்லையே" என்றார் பொலிஸ்காரர். அவர்தான் பயந்துபோயிருந்தார்.

நெருப்படியில் சிரிப்பு நின்றது. மகள் எழும்பி வந்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வரிசையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்தாள். பிறகு பொலிஸ்காரரிடம், இவர்கள் என்னோடு வந்தவர்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அவர் நன்றி சொன்னார். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டோம்.

ஆற்றுப் பாலம் வரை எங்களை நடத்திக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் ரோல்ஸ் பெட்டியோடு முன்னால் போனபின் கேட்டாள்.

"ஏனப்பா எல்லாரும் அட்டையை எடுத்தனீங்கள்? அவர் கேக்கேல்லையே."

"பழக்கம் பிள்ளை."

"எப்ப பழகினது?"

"உன்ரை வயசில."

அவள் என் மேலங்கியின் கழுத்துப் பக்கம் மடிந்திருந்ததை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் இருந்தது.

"நான் திரும்பிப் போறன் அப்பா. பத்துக்கு முன்னம் வருவன்."

"சரி, போயிட்டு வா."

அவள் நெருப்பை நோக்கி ஓடினாள். நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். கதவடியில் நின்று, பூட்டைத் திறக்கத் திறப்பை எடுக்கப் போனபோதுதான் கண்டேன்: அட்டை இன்னும் கையிலேயே இருந்தது, படம் வெளியே தெரியும்படி.