என்னைவிட உயரமான மெழுகுவர்த்தி

என் முதுகு போனது ஒரு தும்மலில். மலை ஏறவில்லை, மூட்டை தூக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த சார்ஜரை எடுக்கக் குனிந்தேன், தும்மினேன், அதற்குப் பிறகு நிமிர முடியவில்லை. குனிந்த நிலையிலேயே என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா தேடறாங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

கீழ் முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ஸ்கேன் சொன்னது. அதற்கு முந்தைய வாரம்தான் நான் ஆசைப்பட்டு ஆர்டர் செய்த பெரிய டிரெக்கிங் பை வந்திருந்தது. பத்து நாள் நடந்தாலும் தேவையான எல்லாம் அதில் அடங்கும். நான் படுக்கையில் இருந்த ஆறு வாரமும் அது பீரோ மேல் இருந்தது. அம்மா அதில் பழைய போர்வைகளைத் திணித்து, "நல்ல பைடி, எவ்ளோ புடிக்குது!" என்றாள்.

எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு திண்டிவனத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் எனக்குப் பயிற்சி கொடுத்தார். சில மாதங்கள் கழித்து அவரிடம் மூன்று கேள்விகள் எழுதி எடுத்துப் போனேன். நீண்ட தூரம் நடக்கலாமா? பையோடு நடக்கலாமா? எத்தனை கிலோ? "நடக்கலாம், நடக்கலாம், அஞ்சு" என்றார். நான் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். இரும்புத் துண்டுகளை அளந்து, அரை மில்லிமீட்டர் கூடினாலும் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. அதனால் 'அஞ்சு' என்றால் எனக்கு அஞ்சுதான்.

எங்கள் கோயிலிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் இருபது பேர் வேளாங்கண்ணிக்கு நடப்பார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, அவர்களுக்குத் தலைவி. இந்த ஆண்டு நானும் வருவதாகச் சொன்னேன். கிளியனூர், பாண்டிச்சேரி வழியாகப் போனால் தூரம் குறைவு என்று மேப்பில் காட்டினேன். "மேப்பா நடக்கப்போவுது? எப்பவும் விழுப்புரம் போய் அங்க இருக்கிறவங்களோட சேர்ந்துதான் போவோம்" என்றார். மற்றவர்களின் மூட்டைகளைக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி கொண்டுவரும். என் பையை நானே சுமப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நான் படுத்திருந்த நாட்களில் அம்மா ஒருநாள் வெள்ளை நூலால் என்னைத் தலையிலிருந்து பாதம்வரை அளந்தாள். நைட்டி தைக்க என்று நினைத்தேன். உண்மையில் அது நேர்த்திக்கடன். மகள் எழுந்து நடந்தால் அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியை அவளே சுமந்து வந்து மாதாவுக்கு ஏற்றுவாள் என்று வேண்டியிருக்கிறாள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் அது வீட்டுக்கு வந்தது. கைப்பிடி அளவு பருமன். சுவரில் சாய்த்தால் ஒரு விருந்தாளி நிற்பதுபோல் இருந்தது.

"ம்மா, அங்கேயே கடையில விக்குதே."

"கடையில விக்கிறது கடைக்காரன் முதுகுக்கு."

"முதுகு சரியாகணும்னு வேண்டிக்கினு, அந்த முதுகு மேலயே ஒரு கிலோ ஏத்தறியே?"

"ஒரு கிலோ நூறு கிராம்" என்று திருத்தினாள். நான் அவள் மகள்தான் என்பதில் ஐயமே இல்லை.

பக்கத்தில் நின்று அளந்தேன். மெழுகுவர்த்தி என்னைவிட ஆறு சென்டிமீட்டர் உயரம். அம்மா அளந்தபோது என் முழங்காலுக்கு அடியில் தலையணை இருந்தது. நூல் அந்த மேட்டின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. தொழிற்சாலையாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டில் வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் அம்மா நிபந்தனை போட்டிருந்தாள்: "ரெண்டாம் நாள் சாயந்திரம் பஸ் புடிச்சி விழுப்புரம் வருவேன். மெழுகுவர்த்தி முழுசா இருந்தா மேல போ. உடைஞ்சிருந்தா மாதா வேணான்னு சொல்றாங்கன்னு அர்த்தம். என்கூட வீட்டுக்கு வந்துடணும்."

ஆக, என் முதல் நீண்ட நடை ஒரு மெழுகின் கையில் இருந்தது.

பையைத் தொங்கு தராசில் மாட்டினேன். மெழுகுவர்த்தியோடு ஐந்து கிலோ தொள்ளாயிரம். முதுகை உருட்டும் உருளை வெளியே. இரண்டாவது தண்ணீர் பாட்டில் வெளியே. யோகா விரிப்பு, புத்தகம், ஷாம்பு வெளியே. முதுகுவலிக்குப் போடும் இடுப்பு பெல்ட் என் இடுப்பில் இருப்பதால் எடையில் சேராது என்று நானே தீர்ப்பு எழுதினேன். வெந்நீர்ப் பையை மட்டும் விட மனமில்லை. கடைசியில் நான்கு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. மெழுகுவர்த்தியை ஈரத்துண்டில் சுற்றி, காரின் முன் கண்ணாடிக்குப் போடும் வெள்ளிநிறத் தாளால் போர்த்தி, பையின் பக்கவாட்டில் செங்குத்தாகக் கட்டினேன். வெயிலுக்கு நான் செய்த ஏற்பாடு அது.

விடியும்போது புறப்பட்டோம். எல்லாரும் காவி உடை. நான் மட்டும் காவியோடு ஷூ. எனக்கு மேலே இரண்டு முழம் வெள்ளியாக மின்னிக்கொண்டு வந்தது. எங்களைத் தாண்டிய ஒரு பஸ்ஸின் படியில் நின்ற கண்டக்டர், "டவர் கெடைக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கூட்டேரிப்பட்டு வந்தபோது சாலையோரப் பெண்கள் மெழுகுவர்த்தியைத் தொட்டு, விரலை முத்தமிட்டு முத்தி செய்ய வந்தார்கள். சாதாரண வழக்கம். தாங்கள் போக முடியாதவர்கள், போகும் பொருளைத் தொட்டு அனுப்புவார்கள். தொட்டால் வெள்ளித்தாள் சரசரத்தது. அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி இது, மாதாகிட்ட போற பொருளுக்கு முக்காடு? கழட்டு!"

"வெயில்ல உருகிடும் அத்தை."

"மாதா பார்த்துக்குவாங்க. ஜல்தி கழட்டு."

கழற்றினேன். நான்கு நிமிடத்தில் எல்லாரும் தொட்டார்கள். மறுபடி சுற்றப்போனபோது அத்தை அந்த ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார். வெள்ளித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பகல் ஓய்வுக்கு, வேர்க்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் மோட்டார் கொட்டகையில் தங்கினோம். பையை நிழல் விழுந்த சுவரில் சாய்த்துவைத்தேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி மல்லாந்து படுத்து, காலை ஒரு சாக்கு மூட்டைமேல் தூக்கி வைத்தேன். ஐந்து நிமிடம் என்று நினைத்தேன். நான் தூங்கினேன், நிழல் நகர்ந்தது.

விழித்தபோது இருபது பேரும் வட்டமாக நின்றிருந்தார்கள். மெழுகுவர்த்தி குனிந்திருந்தது. முக்கால் உயரம் நேராக, அப்புறம் தலை முன்னால் தொங்கி, சார்ஜர் தேடும் கோலத்தில்.

"இன்னாடி, எல்லாருக்கும் வணக்கம் வைக்குது!" என்றார் அத்தை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வளைஞ்சிதான் கீது. உடையலியே" என்றார் மெதுவாக.

இரவு தங்கிய சிற்றாலயக் கூடத்தில் அதற்கு நான் சிகிச்சை தொடங்கினேன். வெந்நீர்ப் பையை வளைவின்மேல் பத்து நிமிடம் வைத்தேன். மெழுகு இளகியதும் நானும் அத்தையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, வழவழப்பான தரையில் சப்பாத்திக் குழவிபோல் உருட்டினோம்.

"இழுக்காதீங்க அத்தை. மெதுவா. மூச்சை விடுங்க."

"நான் விடறதா, அது விடறதா?"

"ரெண்டு பேரும்."

ஏறக்குறைய நிமிர்ந்தது. ஆனால் இளகிய இடம் மறுநாள் வெயிலில் மறுபடி சாயும். ஏதாவது அணை கொடுத்து இறுக்கிக் கட்ட வேண்டும். கூடத்தில் இருந்ததெல்லாம் பார்த்தேன். அத்தையின் நீளக் குடை நேராக இருந்தது. இறுக்கிக் கட்ட அகலமான, கம்பி வைத்த, ஒட்டும் பட்டை ஒன்றுதான் இருந்தது. அது என் இடுப்பில் இருந்தது.

பெல்ட்டைக் கழற்றி மெழுகுவர்த்திக்குப் போட்டேன். அத்தை குடையைக் கொடுத்தார். துண்டையும் வெள்ளித்தாளையும் தாமே சுற்றினார். முக்காட்டின் ஓரத்தைக்கூட இழுத்துச் சரிசெய்தார்.

இரண்டாம் நாள் நான் கண்ணாடி டம்ளரைச் சுமப்பவள்போல் என்னைச் சுமந்தேன். குடையோடு பை ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டது. தராசைத் தொடவே இல்லை. தும்மல் வந்தால் நின்று, எதையாவது பிடித்துக்கொண்டு தும்ம வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தேன். விக்கிரவாண்டி தாண்டி ஒரு சுளீர். நின்றேன். குழு முழுதும் மருத்துவராகிவிட்டது. விளக்கெண்ணெய் போடு. ஆட்டுக்கால் சூப்பு குடி. செங்கல்லைச் சூடு பண்ணி வை. ஒரு அக்கா, "கல்யாணம் பண்ணா தானா போயிடும்" என்றார்.

"எங்க ஊட்டுக்காரரைக் கட்டின அப்புறம்தான் எனக்கு முதுகுவலியே வந்துது" என்றார் அத்தை. சிரித்ததில் சுளீர் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. நடந்தேன்.

விழுப்புரத்துக் கோயில் வாசலில் அம்மா காத்திருந்தாள். ஒரு கையில் புளிசாதத் தூக்கு, மறுகையில் ஜெபப் புத்தகம். அதற்குள் அந்த வெள்ளை நூல் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கனமான பையை இறக்கும்போது முதுகை வளைக்கக்கூடாது. முழங்காலை மடக்கி நேராக இறங்க வேண்டும். நான் அதை மிகச் சரியாகச் செய்தேன். என்னோடு மெழுகுவர்த்தியும் மிகச் சரியாக நேராக இறங்கி, வாசற்படியின் கல்முனையில் இடித்தது. டக் என்றது. அடித்துண்டு ஒன்று உருண்டு போய் அம்மாவின் செருப்பருகே நின்றது.

அம்மா அந்த மெழுகுத் துண்டை எடுத்தாள். பிறகு நூலை எடுத்தாள்.

"செவுத்துல சாஞ்சி நில்லு."

ஷூவைக் கழற்றி நின்றேன். நூலின் ஒரு முனையை என் குதிகாலில் வைத்து மேலே இழுத்தாள். என் தலையைத் தாண்டி நான்கு விரல்கடை மிஞ்சியது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, இவ குள்ளமாயிட்டாளே! எலும்பு இறங்கிடுச்சா?"

"குள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "நீ அளந்தப்ப முட்டிக்குக் கீழ தலகாணி இருந்துது ம்மா. அதையும் சேர்த்து அளந்துட்ட."

அத்தை பெல்ட்டையும் குடையையும் அவிழ்த்து, உடைந்த மெழுகுவர்த்தியை என் பக்கத்தில் நிறுத்தினார். இன்னும் என்னைவிடக் கொஞ்சம் உயரம். ஒரு விரல் தடிமனுக்கு மேல் இராது. மூவரும் அந்த இடைவெளியைப் பார்த்தோம். இந்த அளவுக்கு நானே எத்தனை பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

"இன்னா பேஜாரு" என்றார் அத்தை. "நடந்து வந்தது ஷூவோடதானே? ஷூவைப் போட்டுக்கினு நில்லு."

போட்டுக்கொண்டு நின்றேன். அத்தை ஜெபப் புத்தகத்தை வாங்கி என் தலைமேலும் மெழுகுவர்த்தியின் உச்சியிலுமாகப் படுக்கவைத்தார். ஆடாமல் நின்றது.

அம்மா புத்தகத்தை ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். உடைந்த துண்டைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் போட்டாள்.

"இது தலகாணியோட பங்கு" என்றாள். "மீதி உன் பங்கு. எடுத்துக்கினு போ."

புளிசாதம் சாப்பிட்டோம். பஸ் ஏறும்முன் அம்மா பெல்ட்டைத் தன் கையாலேயே என் இடுப்பில் இறுக்கி ஒட்டினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் நகரும்போது கத்தினாள்: "தும்மல் வந்தா மெழுகுவர்த்தியைக் கீழ வச்சிட்டுத் தும்மு!"