துரைக்கண்ணு சாகவில்லையாம்

சென்னையிலிருந்து வந்த டைரக்டர், சின்னப் பையன். பக்கத்தில் நோட்டோடு அவருடைய அசிஸ்டென்ட். என் மனைவி செல்வி. அவள் தம்பி, என் மச்சான் ஏழுமலை. அப்புறம் நான். போன திங்கட்கிழமை சிதம்பரத்தில் என் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

பேச்சு முழுக்க அங்கே இல்லாத ஆளைப் பற்றி — துரைக்கண்ணு.

உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முப்பது வருஷத்துக்கு முன்னால் டிவி நாடகத்தில் வந்த படகோட்டி. நான்தான் அது. நடிக்கவா கூப்பிட்டார்கள்? பிச்சாவரத்தில் படகு ஓட்டிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த நடிகருக்குத் துடுப்பு பிடிக்க வரவில்லை. என்னை ஏற்றிவிட்டார்கள்.

கடைசி வாரம் துரைக்கண்ணு வாய்க்காலுக்குள் போனான். படகு மட்டும் காலியாகத் திரும்பியது. மறுநாள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தார்கள். நான் உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"பாடியைக் காட்டவே இல்லையே சார்... அப்ப உயிரோட இருக்கார்னுதானே அர்த்தம்?" என்றார் டைரக்டர். அந்த நாடகத்தின் தொடர்ச்சியை எடுக்கத்தான் வந்திருந்தார். நாடகம் ஓடியபோது அவர் பிறக்கவே இல்லை.

"துரைக்கண்ணு உசுரோட இருக்கட்டும். இந்தாளுக்குத் தோள்பட்டை இருக்குதான்னு கேளுங்க" என்றாள் செல்வி.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் விழுந்து ரெண்டு வருஷம் ஆகிறது. வலது தோள். துடுப்பைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். நானும் தொடவில்லை.

டைரக்டருக்கு வேண்டியது ஒரே ஷாட். படகுத்துறையிலிருந்து வாய்க்கால் திருப்பம் வரை துரைக்கண்ணு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கட் கிடையாது.

"பழைய டேப்ல எண்ணிப் பார்த்தேன் சார். துடுப்பு கரெக்டா நாப்பது வாட்டி போடுறீங்க. அதே மாதிரி வேணும். முடியலன்னா பரவால்ல... கட்டில்ல படுத்த மாதிரி வச்சு, மூணாவது எபிசோட்ல முடிச்சிடலாம்."

ரெண்டாவது தடவையும் சாகடிப்பதா? அதுவும் கட்டிலில்?

"முடியும்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போவேன், வருவேன். சாப்பிடும்போதுகூடத் தோளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

"பரீட்சை எழுதப் போறவன் மாதிரி என்னாத்துக்குய்யா அலையற?" என்றாள் செல்வி.

நான் பரீட்சை எழுதியது அஞ்சாவதோடு சரி.

வியாழக்கிழமை காலை அவளிடம் சொல்லாமல் மச்சானோடு பிச்சாவரம் போனேன். அவன் எதிரே உட்கார்ந்து எண்ணினான். பத்து வரை நான் பழைய ஆள். அப்புறம் தோள் பிடித்துக்கொண்டது.

"மாமா, திரும்பிடலாம். அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் வெட்டும்."

நிறுத்தவில்லை. படகு கோணிக்கொண்டு போய் கரையோரச் சுரபுன்னை மரத்து வேரில் இடித்தது. தள்ளி நிமிர்த்தினேன். கடைசியில்... திருப்பம் வந்தது.

"நாப்பது மாமா! கரெக்டா நாப்பது!" என்றான் மச்சான். என் கண்ணைப் பார்க்காமல்.

எனக்கு எண்ணத் தெரியாதா?

துறைக்குத் திரும்பியதும் டைரக்டருக்கு போன் போட்டேன்.

"ஷாட் வச்சுக்குங்க தம்பி. திருப்பம் வரைக்கும் போறேன். ஆனா நாப்பதுல வராது."

"எத்தனைல சார் வரும்?"

முப்பது வருஷம் கழித்து வருகிறவனுக்கு வயதாகியிருக்காதா?

"அறுபத்து மூணு."