குடல் குழிக்கு யார் முறை

எங்கள் தீவின் மத்தி மீன் ஆலையில் மேலாளர் கிடையாது. யூகோஸ்லாவியா முழுக்க அப்போது சுயநிர்வாகம்; தொழிலாளிதான் முதலாளி. சம்பளம், லீவு, சாப்பாட்டுக் கூடத்துக்கு என்ன நிறப் பெயிண்ட் என்பது வரை கூட்டம் போட்டுக் கைதூக்கி முடிவு செய்வோம். மீன் குடல் விழுகிற குழியை யார் கழுவுவது? அதற்கும் கைதூக்கினோம். கழுவியே ஆக வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம். தூக்கிய கை ஒன்றாவது வாளியைத் தொட வேண்டுமே.

தொட்டவள் யேர்கா. பதினாறு வயதில் வேலைக்கு வந்தவள். நாற்றம் பொறுக்காமல் ஒரு நாள் தானே இறங்கினாள்; அதோடு அது அவள் தலையில் விழுந்தது. யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். போட ஒருவன் இருந்திருந்தால் அவனோடு சண்டையாவது பிடித்திருப்பாள். பல வருடம் இறங்கியதில் கையெல்லாம் வெடிப்பு, ஓயாத இருமல். இனி இறங்கினால் நுரையீரல் போய்விடும் என்றார் டாக்டர்.

அந்த மாதக் கூட்டத்தில் எழுந்தாள். "இனி நான் இறங்க மாட்டேன். வாரம் ஒருத்தர் முறை வச்சு இறங்கணும். தலைவரும் சேத்துத்தான்."

தொழிலாளர் மன்றத் தலைவர் ஷிமே சிரித்தார். "உன்ன மாதிரி யாருக்கு யேர்கா வரும்?"

"அம்மா வயித்துலேருந்து வாளியோடயா பொறந்தேன்? இந்தக் கையப் பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. முந்தின ஞாயிறு கல்யாணத்தில் விடிய விடிய ஆடிய சக தொழிலாளி கெர்கோவுக்குத் திடீரென்று முதுகுவலி. முறைக்கு ஆதரவாக நானும் இன்னும் இரண்டு பெண்களும் கைதூக்கினோம். தோற்றோம்.

"போஸ்னியாவுலேருந்து சீசனுக்கு ஒரு ஆளக் கொண்டாந்துடலாமே" என்றார் ஷிமே. கூடம் நிறையக் கைகள் உயர்ந்தன. வெட்கங்கெட்ட கைகள்.

"அந்த ஆளுக்கு இங்க ஓட்டு உண்டா?" என்றாள் யேர்கா.

"தற்காலிக ஆளுக்கு ஏது ஓட்டு?"

"நான் முறை கேட்டேன், ஷிமே. எனக்குப் பதிலா சாக ஒருத்தனக் கேக்கல."

திங்கட்கிழமை அந்த ஆள் வந்தான். ஷிமே அவன் கையைக் குலுக்கினார். "இங்க மேலாளர்னு யாரும் கெடையாது, தோழர். எல்லாரும் சமம். குழி அந்தப் பக்கம் இருக்கு." வாளியை அவனிடம் நீட்டினார்.

யேர்கா அவன் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி ஷிமேயின் கையில் திணித்தாள். ஷிமே அதைத் தரையில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். அந்த ஆள் எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.