சுரங்கத்துக்குள் போனவள்

செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில், இடிந்து கிடக்கும் கோட்டையில்தான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் செருகிய போனை அடிக்கடி எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து ஜமீன்தார் மகள் அந்தக் கோட்டைச் சுரங்கத்துக்குள் ஓடி, உள்ளேயே செத்துப்போனாள் என்றும், அவள் அழுகை இன்னும் கேட்கிறது என்றும் ஊரில் சொல்வார்கள்.

“அந்த அழுகையை நீங்க கேட்டிருக்கீங்களா அக்கா?” என்றேன்.

“அது காத்து, தம்பி. அவ எதுக்கு அழப்போறா? அந்தப் பக்கமா வெளிய போயிருப்பா.”

“செத்துட்டான்னுதானே எல்லாரும் சொல்றாங்க?”

“செத்ததை யாரு பாத்தா? மனசுக்குப் பிடிச்சவனோட எங்கயாச்சும் நல்லாத்தான் இருப்பா.” மறுபடி போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் செருகிக்கொண்டார். “எம் மவளும் அப்படித்தான் போனா. அவ அப்பா, மவ செத்துட்டான்னு தலை முழுகிட்டாரு. நான் முழுகல.”

அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போதும் கோட்டைக் கதையை யாராவது கேட்டால் சொல்கிறேன். அவள் செத்துப்போனாள் என்று முடிக்க மட்டும் வாய் வருவதில்லை.