ஊசியக்கா

"அசையாதீங்க தம்பி. ஊசி எங்க இறங்கும்னு எனக்கே தெரியாது."

சட்டையைக் கழற்றச் சொல்லாமல், ஆள் மேலேயே வைத்துப் பட்டன் தைப்பாள் ஊசியக்கா. குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் ஞாயிறு மாலைகளில் கூடும் அந்த நூலகத்து மாடி அறைக்குப் புதிதாக வருகிறவர் எவரும் உட்கார்ந்தவுடன் கதவைத்தான் பார்ப்பார். அக்கா பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து அவருடைய சட்டையைப் பார்ப்பாள். ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தைத்து முடிப்பதற்குள் கூட்டம் பாதி நடந்துவிடும். வந்தவரும் ஓடுகிற யோசனையை மறந்திருப்பார். வருகிறவர் சட்டையிலெல்லாம் தவறாமல் ஒரு பட்டன் எப்படித் தொங்குகிறது என்று அவள் கணவருக்கு வெகுநாளாகச் சந்தேகம். அவளது இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரிக்கோலைப் பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை.

பிழைப்புக்குப் பள்ளிச் சீருடை தைத்தாள். வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள். வாடிக்கையாளர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். கணவருக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் புரியும். தெருவில் போகிறவர் காலர் மடங்கியிருந்தால் நிறுத்திச் சரிசெய்யாமல் விடமாட்டாள். "முன்பின் தெரியாதவங்கடி" என்று அவர் முணுமுணுப்பார். "கழுத்து தெரியுதில்ல, அது போதும்" என்பாள்.

அவளும் ஒரு காலத்தில் குடித்தவள்தான். வெட்டின துணிக் குவியலுக்குள் பாட்டில் இருக்கும். அந்த நாட்களில் மகளுக்குத் தைத்த சீருடையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மகள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் தன்னை இந்த மாடிப்படி ஏறவைத்தது என்று கூட்டத்தில் சொல்லும்போதெல்லாம் அழுவாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, டீ ஆறுது, எடுங்க" என்பாள்.

குடியை விட்டபிறகு குடும்பத்தை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். ஆனால் அவள் அகராதியில் குடும்பம் என்றால் மாடி அறைக்காரர்களும் சேர்த்தி. மகள் கல்யாணத்துக்கு ஒருவர் விடாமல் அழைத்துவிட்டாள். அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: யார் எழுந்து "நான் இன்னார்" என்றாலும் எல்லோரும் ஒரே குரலில் "வாங்க! வந்ததே பெரிசு!" என்று சொல்லிக் கைதட்டுவார்கள். கல்யாண மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நான் மாப்பிள்ளையோட பெரியப்பா" என்று சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினார். அவ்வளவுதான். நாலு வரிசை நாற்காலிகளிலிருந்து மண்டபம் அதிர, "வாங்க பெரியப்பா! வந்ததே பெரிசு!" என்று ஒரே கைதட்டல். மனிதர் உருகிப்போய்விட்டார். "எங்க வீட்லயே எனக்கு இப்படி ஒரு மரியாதை கெடச்சதில்லைங்க" என்று ஆரம்பித்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிரித்த சிரிப்பில் அக்காவின் கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

போன மாதம், தூக்கத்திலேயே போய்விட்டாள். மாடி அறைக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். அழுதுகொண்டிருந்த மகள் திடீரென்று அப்பாவின் கையைக் கிள்ளினாள். "அப்பா, அவங்க சட்டையைப் பாருங்களேன்." ஊசியில் அப்போது எந்த நூல் கிடந்ததோ அதிலேயே தைத்துவிடுவது அக்காவின் பழக்கம். வெள்ளைச் சட்டையில் சிவப்பு நூல், நீலச் சட்டையில் மஞ்சள் நூல், ஆளுக்கொரு பட்டன். அப்பாவும் மகளும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாதவர். குடியைத் தொட்டதே இல்லாததால், மேலே தனக்கென்ன வேலை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை இறக்கிவிட்டுக் காரிலேயே காத்திருப்பார். பட்டனுக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு யாராவது படியிறங்கி ஓடினால் ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் கேட்கும். "ஓடுறதுதான் ஓடுறீங்க, மாமா கார்ல கொஞ்சம் உக்காந்துட்டு ஓடுங்க! அவரு வாயே தொறக்க மாட்டாரு, பயப்படாதீங்க!" அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் பலர் மறுபடி படியேறியிருக்கிறார்கள். அதில் தன் பங்கு ஏதும் இருப்பதாக அவர் நினைத்ததில்லை. எல்லாம் அவளுடைய சாமர்த்தியம்.

அவள் போனபின் மற்ற நாட்களைக் கடை பார்த்துக்கொண்டது. ஞாயிறு மாலைதான் அவருக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாமல் அந்த நூலகத்து வாசலில் தனக்கு இடம் உண்டா என்று தெரியவில்லை. இரண்டு ஞாயிறுகள் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். மூன்றாவது ஞாயிறு கால் தாங்காமல் வந்து, வழக்கமான மரத்தடியில் காரை நிறுத்தினார். மேலே கைதட்டல் கேட்டது. பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தது. 'நமக்கென்ன இங்கே' என்று எஞ்சினைக் கிளப்பினார்.

அப்போது ஒரு பெண் படிகளில் தடதடவென்று இறங்கிவந்தாள். அவர் பார்த்திராத முகம். முன்கதவைத் திறந்து, அக்காவின் இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"மேல சொன்னாங்க... மாமா கார்ல போய் உக்காருன்னு. நீங்க எதுவும் கேக்க மாட்டீங்களாமே?"

அது என் வீட்டுக்காரி சீட்டு என்ற பேச்சு தொண்டை வரை வந்தது. அந்தப் பெண்ணின் கண் மறுபடி கதவுப்பிடிக்குப் போவதைப் பார்த்தார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.